ஒரு மர்ம நாவலும் 24 சொற்களும்: வாசிப்புப் பயிற்சி குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வின் மையத்தில் இருப்பவள் பத்து வயதுச் சிறுமி. வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் தங்குதடையின்றிப் படிப்பாள். லகர, ளகர, ழகரங்களில் நாப்பிசகுவதும் இல்லை. படித்து முடித்த பத்தியில் என்ன நடந்தது என்று கேட்டால் மட்டும் அவளுடைய பார்வை பக்கத்துக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். கதை கேட்பதிலோ சொல்வதிலோ அவளுக்குக் குறை எதுவும் கிடையாது. பேச்சுத் தமிழில் ஒரு நிகழ்ச்சியை விவரிக்கத் தொடங்கினால் ஆளாளுக்குக் குரல் மாற்றி, நடுவில் நிறுத்தி, கேட்பவரைக் காத்திருக்க வைப்பாள். சிக்கல் பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில் இருந்தது. 'பயந்துட்டா' என்ற சொல்லோடு வளர்ந்த பிள்ளைக்கு 'அஞ்சினாள்', 'மருண்டாள்', 'திகைத்தாள்' ஆகியவை அச்சில்தான் அறிமுகமாக வேண்டும்; அச்சுக்கு வெளியே அவை நடமாடுவது மிகக் குறைவு. எழுத்தை ஒலியாக மாற்றும் திறன் முழுமையாக வந்துவிட்டதால், பொருள் வந்து சேரவில்லை என்பதே பல மாதங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

வாரத்துக்கு இரண்டு அமர்வுகளாக ஐந்து வாரங்கள் அவளுடன் ஒரு சிறுவர் மர்ம நாவலைப் படித்தேன். அதன்பின் எட்டு வாரங்கள் கழித்து ஒருமுறை அவளைச் சோதித்துப் பார்த்தேன். இங்கே நாவலின் பெயரைத் தவிர்க்கிறேன். குற்றவாளி யார் என்பதைச் சொல்லாமல் இந்த ஆய்வை எழுத முடியாது, அதைப் படிக்கவிருக்கும் பிள்ளைகளின் இன்பத்தைக் கெடுக்கவும் மனம் வரவில்லை.

கதைச் சுருக்கம் இவ்வளவுதான். ஒரு பழைய நூலகத்தில் மாலை வேளையில் தீ எச்சரிக்கை மணி ஒலிக்கிறது. அனைவரும் வெளியே ஓடுகிறார்கள். தீ எதுவும் இல்லை என்று தெரிந்து திரும்பி வரும்போது, மேல்தளத்துக் கண்ணாடிப் பேழையில் இருந்த கடல் வரைபடத்தைக் காணவில்லை. அந்த அறையின் கதவோ உட்புறமாகத் தாழிடப்பட்டிருக்கிறது. ஆவணக் காப்பாளர், நூல் கட்டுபவர், வெளியூர் ஆய்வாளர், இரவுக் காவலாளி ஆகிய நால்வர் மீது ஐயம் விழுகிறது. மூன்று பிள்ளைகள் துப்பறிகிறார்கள். மொத்தம் 18 அத்தியாயங்கள்.

ஏன் மர்மக் கதை

முதலில் எனக்கு இருந்த காரணம் மிகச் சாதாரணமானது: அவளுக்கு அந்த அட்டைப்படம் பிடித்திருந்தது. ஆயினும் ஒரு நூல் தகுமா என்று பார்ப்பதற்கு ஒரு கணக்கும் உண்டு. 2000ஆம் ஆண்டில் ஹூ, நேஷன் ஆகிய இருவரும் இரண்டாம் மொழியாக ஆங்கிலம் படித்தவர்களிடம் செய்த ஆய்வில், ஒரு கதையைப் பிறர் உதவியின்றிப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்று கண்டார்கள். அந்த எண்ணை அப்படியே தமிழ்ச் சிறுமிக்குப் பொருத்துவது சரியாகாது. தமிழில் ஒரே வினைச்சொல் விகுதிகளும் துணைவினைகளும் ஏறி எத்தனையோ வடிவங்கள் எடுப்பதால் 'ஒரு சொல்' என்பதை எண்ணுவதே தகராறான வேலை. எனினும் நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று சொற்களுக்கு மேல் தடுக்கினால் கதை நின்றுவிடும் என்பதற்கு அது ஒரு கைக்கோல். மூன்று பக்கங்களைத் திறந்து, தெரியாத சொற்களின் மேல் பென்சிலால் புள்ளி வைக்கச் சொன்னேன். புள்ளிகள் அந்த அளவிற்குள்தான் இருந்தன.

அதன்பின் நாவலை நான் முழுமையாகப் படித்து 24 சொற்களைத் தேர்ந்தேன். எதைத் தேர்வது என்பதில் தொல்காப்பிய உரியியல் நூற்பா ஒன்று எப்போதும் துணைக்கு வரும்: 'வெளிப்படு சொல்லே கிளத்தல் வேண்டா, வெளிப்பட வாரா உரிச்சொல் மேன.' தானே விளங்கும் சொல்லை விளக்க வேண்டாம், விளங்காததையே எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது அதன் கருத்து. அமெரிக்க வாசிப்பு ஆய்வாளர் ஐசபெல் பெக்கும் அவருடைய தோழர்களும் சொற்களை மூன்று அடுக்குகளாகப் பிரித்து, அன்றாடப் பேச்சுச் சொற்களையும் துறைக் கலைச்சொற்களையும் விட்டு, எழுத்தில் பல இடங்களில் திரும்பத் திரும்ப வரும் நடு அடுக்கைக் கற்பிக்கச் சொன்னதும் ஏறக்குறைய இதே சிந்தனைதான். என் பட்டியலில் எட்டு, பொருள்களையும் இடங்களையும் ஆட்களையும் குறிக்கும் பெயர்கள்: தடயம், துப்பு, நிலவறை, தாழ்வாரம், காப்பாளர், ஆவணம், முத்திரை, அரக்கு. மீதிப் பதினாறு, மனிதர்களின் நடத்தையையும் பேச்சையும் பொருளின் நிலையையும் குறிப்பவை: மழுப்பு, பாசாங்கு, சாவகாசம், நைந்த, வெளிறு, சந்தடி, தாழ், கைமாறு, நோட்டமிடு, சூசகம், திடுக்கிடு, முரண், ஊகம், வாக்குமூலம், எத்தனி, இங்கிதம்.

படிக்கத் தொடங்கும் முன் இவற்றை அவளிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல் 1965இல் வகுத்த நான்கு படிநிலைகளை அளவுகோலாகக் கொண்டேன்: கேட்டதே இல்லை; கேட்டிருக்கிறேன், பொருள் தெரியாது; சொற்றொடரில் வந்தால் ஓரளவு புரியும்; நன்றாகத் தெரியும். ஒன்பது சொற்களை அவள் கேட்டதே இல்லை. எட்டுச் சொற்கள் காதில் விழுந்தவை. ஐந்து ஓரளவு புரிபவை. 'திடுக்கிடு', 'ஊகம்' ஆகிய இரண்டு மட்டும் முழுமையாகத் தெரிந்தவை.

முதல் மூன்று அத்தியாயங்களில் செய்த தவறு

தவறு என்னுடையது. மேற்சொன்ன எட்டுப் பெயர்ச்சொற்களையும் ஓர் அட்டையில் பொருளோடு எழுதி, படிப்பதற்கு முன்பே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். புதிய சொல் வரும் இடத்தில் நிறுத்தி, குறிப்பேட்டில் எழுதி, பொருளையும் எழுதச் சொன்னேன். ஒழுங்கான, பார்ப்பதற்கு நிறைவு தரும் முறை. இரண்டாம் அமர்வின் முடிவில் குறிப்பேட்டில் 19 சொற்கள் இருந்தன, கதை எட்டுப் பக்கம்தான் நகர்ந்திருந்தது. மணி ஒலித்து எல்லோரும் ஓடும் இடத்தில், ஆசிரியர் வாசகரின் மூச்சைப் பிடித்து வைத்திருக்கும் வரியில், நான் அவளை நிறுத்தி 'தாழ்வாரம்' என்றால் என்ன என்று கேட்டேன். அவள் பதில் சரியாகவே சொன்னாள். பிறகு, "இன்னும் எத்தனை வார்த்தை இருக்கு டீச்சர்?" என்றாள். எத்தனை பக்கம் என்று கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்குப் பின் குறிப்பேட்டை மூடிவிட்டேன்.

சொல்லை முன்கூட்டியே கற்பிப்பது எப்போதும் வீண் என்று சொல்ல வரவில்லை. வார்விக் எல்லி நியூசிலாந்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 1989இல் வெளியிட்ட ஆய்வில், கதையை வாசித்துக் காட்டும்போது ஆசிரியர் சொற்களைச் சுருக்கமாக விளக்கினால் பிள்ளைகள் பெறும் சொற்கள் இரு மடங்குக்கும் மேல் கூடின. ஆனால் அங்கே விளக்கம் கதையின் ஓட்டத்துக்குள் ஒரு சொல்லாகவோ சைகையாகவோ படமாகவோ வந்து போயிற்று. நான் செய்தது கதையை நிறுத்தி வைத்துவிட்டுப் பாடம் நடத்தியது.

ஐயப் பட்டியல்

நான்காம் அத்தியாயம் முதல் ஒரே ஒரு வேலையை மட்டும் வைத்துக்கொண்டேன். அத்தியாயம் முடிந்ததும் ஒரு தாளில் அவள் மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும்: யார் மீது ஐயம், எந்த வரியால், அந்த வரியில் ஆளைக் காட்டிக்கொடுக்கும் சொல் எது. மூன்றாவது கட்டத்தில் ஆசிரியர் எழுதிய சொல்லையே எழுத வேண்டும், தன் சொல்லில் மாற்றக் கூடாது. பொருள் கேட்க மாட்டேன். அந்தச் சொல் எப்படி அவரைக் காட்டிக்கொடுக்கிறது என்று மட்டும் கேட்பேன்.

இந்தச் சிறிய மாற்றம் என்ன செய்தது என்பதற்கு ஐந்தாம் அத்தியாயத்தை நெருக்கமாகப் பார்க்கலாம். பிள்ளைகள் நூல் கட்டுபவரிடம், மணி ஒலித்தபோது எங்கே இருந்தீர்கள் என்று கேட்கிறார்கள். 'அவர் பசைக் கிண்ணத்தை மூடியபடி, இங்கேதான் எங்காவது இருந்திருப்பேன் என்று மழுப்பினார்' என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார். 'மழுப்பு' அவள் கேட்டதே இல்லாத ஒன்பது சொற்களில் ஒன்று. தாளில் அவள் நூல் கட்டுபவரின் பெயரை எழுதி, மூன்றாவது கட்டத்தில் 'மழுப்பினார்' என்று எழுதினாள். எப்படி என்று கேட்டேன். "கேட்டதுக்கு நேரா பதில் சொல்லல. 'எங்காவது'ன்னு சொல்றாரு. அவரு எங்க இருந்தாருன்னு அவருக்கே தெரியாதா?" என்றாள். அகராதி தரும் பொருளை அவள் தன் வாயால் வகுத்துவிட்டாள், அதுவும் ஒரு வழக்கின் வாதமாக. ஏழாம் அத்தியாயத்தில் வெளியூர் ஆய்வாளர் இதே போல் நழுவும் இடத்தில் ஆசிரியர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. 'பேச்சை வேறு பக்கம் திருப்பினார்' என்றுதான் எழுதியிருந்தார். அவள் ஓரத்தில் 'இவரும் மழுப்புறார்' என்று பென்சிலால் கிறுக்கினாள். எழுத்துச் சொல் அன்று பேச்சுக்குள் இறங்கிவிட்டது. ஐந்து வாரங்களில் நான் கண்ட சான்றுகளில் இதற்கே முதல் இடம் தருவேன்.

மர்மக் கதைக்குள் இருக்கும் ஒரு வசதியை நான் புரிந்துகொண்டது இங்கேதான். பிற கதைகளில் தெரியாத ஒரு சொல்லைத் தாண்டிப் போனால் வாசகருக்குப் பெரும்பாலும் இழப்பு எதுவும் நேர்வதில்லை. கதை அவரைத் தூக்கிக்கொண்டு போய்விடும். மர்மக் கதையில் சொல்தான் தடயம். ஒருவர் 'சொன்னார்' என்பதற்கும் 'முணுமுணுத்தார்' என்பதற்கும் 'மழுப்பினார்' என்பதற்கும் நடுவில் ஒரு குற்றவாளி ஒளிந்திருக்கலாம். ஆகவே வாசகர் சொல்லை எடைபோட வேண்டியிருக்கிறது, எடைபோட்டதன் மேல் ஓர் ஊகத்தைப் பந்தயமாக வைக்க வேண்டியிருக்கிறது, பல பக்கங்கள் கழித்து அந்தப் பந்தயத்தில் வென்றோமா தோற்றோமா என்பதும் தெரிந்துவிடுகிறது.

'சாவகாசமாக'

அதே வகைமைக்குள் ஓர் ஆபத்தும் இருக்கிறது. மர்மக் கதாசிரியரின் தொழிலே வாசகரைத் திசைதிருப்புவது. பெக், மெக்கௌன், மெக்காஸ்லின் ஆகியோர் 1983இல் எழுதிய கட்டுரையில் எல்லாச் சூழல்களும் ஒரே தரமானவை அல்ல என்று காட்டி, ஒரு சொல்லைச் சுற்றியுள்ள சூழலை நான்காகப் பிரித்தார்கள்: பொருளை நோக்கிக் கைபிடித்துச் செல்வது, பொதுவாக உதவுவது, உதவாதது, தவறான பொருளுக்கு இட்டுச்செல்வது. கடைசி வகை மர்ம நாவலில் தாராளமாகக் கிடைக்கும்.

முதல் அத்தியாயத்தின் இறுதியில், மணி ஒலிக்கும்போது எல்லோரும் படிகளில் முண்டியடித்து ஓடுகிறார்கள், விளக்குகள் அணைகின்றன, 'ஆவணக் காப்பாளர் கையிலிருந்த நூலை மூடிவைத்துவிட்டு, இருண்ட தாழ்வாரத்தின் வழியே சாவகாசமாக நடந்து வந்தார்' என்று ஒரு வரி. அவள் அதைத் தடையின்றிப் படித்துக் கடந்துபோனாள். தொடக்கச் சோதனையில் 'கேட்டிருக்கிறேன், பொருள் தெரியாது' என்று சொன்ன சொல் அது. பின்னர் ஒருநாள் அந்த வரியின் பொருளை அவள் எப்படி எடுத்துக்கொண்டாள் என்று பேச்சுவாக்கில் கேட்டபோது, "ரொம்ப பயந்துக்கிட்டு, செத்துடுவோமோன்னு நடந்தாரு" என்றாள். அவள் காதில் 'சாவகாசம்' என்பதில் 'சாவு' கேட்டிருக்கிறது. இருள், மணியோசை, ஓட்டம் எல்லாம் சேர்ந்து அந்தப் பொருளுக்குச் சாட்சி சொல்லியிருக்கின்றன. அறிவில்லாத ஊகம் என்று இதைத் தள்ள முடியாது. சொல்லின் உருவத்தையும் சூழலையும் பொருத்திப் பார்த்து எடுத்த முடிவு அது, தேர்ந்த வாசகர்கள் செய்வதும் இதைத்தான். முடிவு மட்டும் நேர் எதிராகப் போயிற்று.

திருத்துவதா வேண்டாமா என்று அன்று எனக்குள் ஒரு போராட்டம். பதினேழாம் அத்தியாயத்தில் அந்தச் சொல் திரும்பி வரப்போகிறது என்பது எனக்குத் தெரியும். விட்டுவிட்டேன். ஒரு பிள்ளை தவறான பொருளை மூன்று வாரம் சுமந்து திரிய விடுவது பயிற்றுநருக்கு எளிதான செயல் இல்லை, இதை எல்லா இடத்திலும் செய்யலாம் என்று பரிந்துரைக்கவும் மாட்டேன். கதையே திருத்தும் என்ற உறுதி இருந்தால் மட்டும் காத்திருக்கலாம்.

கதை திருத்தியது. துப்பறியும் மூவரில் இளையவன் எல்லோர் முன்னாலும் கேட்கிறான்: 'மணி அடித்ததும் எல்லோரும் ஓடினீர்கள். இவர் மட்டும் சாவகாசமாக நடந்தார். தீ இல்லை என்பது இவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?' சிறுமி அந்த வரியில் நின்றாள். உதடு அசைய மறுபடி படித்தாள். பின் ஒரு சொல்லும் பேசாமல் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டி முதல் அத்தியாயத்துக்குப் போனாள். வரியைக் கண்டுபிடித்து விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு, "அப்போ இது பயம் இல்ல. மெதுவா... அவசரமே இல்லாம. அடச்சே, மொத பக்கத்துலயே சொல்லிட்டாரு" என்றாள். கோபமும் வியப்பும் சரிபாதி.

நான் அதுவரை வாய் திறக்காதிருந்ததற்குப் பலன் அப்போது கிடைத்தது. 'கால அவகாசம்' என்ற தொடரைக் கேட்டிருக்கிறாயா என்றேன். கேட்டிருந்தாள், வீட்டுப்பாடத்துக்கு அவகாசம் கேட்ட அனுபவமும் உண்டு. அவகாசம் உடைய நிலை சாவகாசம். வடமொழியில் 'உடன்' என்ற பொருள் தரும் 'ச' முன்னே சேர்ந்திருக்கிறது என்று சொன்னதும், சொல்லுக்குள் இருந்த 'சாவு' ஒரு நொடியில் மறைந்தது. அரை நிமிட விளக்கம். இதே விளக்கத்தை முதல் நாள் சொல்லியிருந்தால் குறிப்பேட்டின் இருபதாவது வரியாகப் போயிருக்கும்.

அகராதியில் பட்ட பாடு

ஆறாம் அத்தியாயத்துக்குப் பின் அவளே அகராதி பார்க்க விரும்பினாள். தமிழ் அகராதியைப் பிள்ளைகள் கையில் கொடுப்பவர்கள் எல்லோரும் சந்திக்கும் இடர் உடனே வந்தது. கதையில் இருப்பது 'நைந்திருந்த கயிறு'; அகராதியில் இருப்பது 'நை'. கதையில் 'வெளிறிப்போயிருந்தது', அகராதியில் 'வெளிறு'. 'எத்தனித்துக்கொண்டிருந்தான்' என்பதிலிருந்து 'எத்தனி' என்ற தலைச்சொல்லைப் பிரித்தெடுக்க, அச்சொல்லைப் பாதி அறிந்தவராக இருக்க வேண்டும். தெரியாததைத் தேடப் போனால் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது அகராதி. பிள்ளை திகைக்காமல் என்ன செய்யும்? 'நைந்திருந்த' என்பதை அவள் எழுத்தெழுத்தாகத் தேடி, இல்லை என்று அகராதியை மூடிய பிறகு, வாலை ஒவ்வொன்றாக வெட்டும் விளையாட்டாக இதை மாற்றினோம்: 'இருந்த' போகட்டும், 'நைந்து' நிற்கும்; காலம் காட்டும் இடைநிலையும் போகட்டும், 'நை' நிற்கும். பகுபத உறுப்பிலக்கணம் என்ற பெயரைச் சொல்லாமலே அதன் பயன் அவளுக்குக் கிடைத்தது. பள்ளியில் அந்தப் பாடம் வரும்போது அவள் அதை அடையாளம் கண்டுகொள்வாள் என்று நம்புகிறேன்.

இன்னொரு இடர், பொருளுக்குப் பொருள் தேட வேண்டியிருப்பது. 'பாசாங்கு' என்று பார்த்தால் 'பாவனை' என்றிருக்கும், பாவனை என்ன என்று போனால் இன்னொரு சொல். 'பொருட்குப் பொருள் தெரியின் அது வரம்பின்றே' என்று தொல்காப்பியர் சொன்ன முடிவற்ற சங்கிலி இதுதான். பாசாங்கை நடித்துக் காட்டினேன்: தூங்குவது போல் கண்ணை மூடி, ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தேன். வேலை முடிந்தது.

'தாழ்' தனிக்கதை. 'அறையின் தாழ் உட்புறமாக இடப்பட்டிருந்தது' என்பதை அவள் ழகரம் பிசகாமல் படித்துவிட்டு, உள்ளே ஒரு காகிதம் போடப்பட்டிருந்தது என்று புரிந்துகொண்டாள். நாக்குக்குத் தெரிந்த வேறுபாடு பொருளுக்குத் தெரியவில்லை. தாளும் தாழும் அவள் மனத்தில் ஒரே அறையில் குடியிருந்தன. இரண்டு அத்தியாயங்கள் வரை அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று ஆசிரியர் சொல்வார் என்று காத்திருந்தாள். பிறகு, பூட்டிய அறைக்குள் திருடன் எப்படிப் போனான் என்ற கேள்வியைப் பிள்ளைகள் எழுப்பியபோதுதான், அப்படி ஒரு கேள்வி இருப்பதே அவளுக்குத் தெரிந்தது.

'துப்பு' பற்றியும் ஒரு வரி. 'ஒரு துப்பு கிடைத்தது' என்று படித்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். எச்சில் கிடைத்ததற்கு ஏன் இவ்வளவு மகிழ்ச்சி என்பது அவள் ஐயம்.

எட்டு வாரங்களுக்குப் பின்

முன்னறிவிப்பு இன்றி, அதே 24 சொற்களை வேறு வரிசையில் கேட்டேன். பொருள் சொல்லித் தானே ஒரு சொற்றொடரிலும் வைக்க முடிந்தவை 13. அவற்றில் இரண்டு முன்பே தெரிந்தவை என்பதால் உண்மையான சேர்க்கை 11. சொற்றொடரில் கொடுத்தால் புரிந்துகொண்டவை ஆறு. மீதி ஐந்து மங்கலாகவோ அடியோடோ போய்விட்டிருந்தன.

அட்டையில் எழுதி முன்கூட்டியே கற்பித்த எட்டில் நின்றவை மூன்று. கற்பிக்காத, முன்பு தெரிந்திராத பதினான்கில் நின்றவை எட்டு. இந்த ஒப்பீட்டை வைத்து என் பழைய முறையைக் கழுவில் ஏற்றிவிடலாம் என்று தோன்றும், அது நேர்மையாகாது. எண்ணிக்கை சிறியது, பிள்ளை ஒருத்தி. தவிரவும் 'நிலவறை' போன்ற சொற்கள் தொடக்க அத்தியாயங்களுக்குப் பின் கதையில் தலைகாட்டவே இல்லை. திரும்ப வராத சொல் மறந்துபோனதற்கு அட்டையைக் குற்றம் சொல்ல முடியாது. சுவான்போர்ன், டி குளோப்பர் ஆகியோர் 1999இல் முந்தைய ஆய்வுகள் பலவற்றை ஒன்றுதிரட்டிப் பார்த்ததில், இயல்பான வாசிப்பில் எதிர்ப்படும் புதிய சொற்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டையே மாணவர்கள் கற்றுக்கொள்கிறார்கள் என்று தெரிந்தது. என் சிறுமியிடம் அதைவிடக் கூடுதலாக நின்றிருப்பதற்கு நாவலுக்கு மட்டும் பெருமை தரலாகாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்டார், தாளில் எழுத வைத்தார், தொடக்கத்திலேயே சொற்களைச் சோதித்து அவற்றின் மேல் ஒரு கவனத்தை உண்டாக்கியும் விட்டார்.

எண்ணிக்கையை விட எனக்கு முக்கியமாகப் பட்டது, எவை நின்றன என்பது. அட்டைச் சொற்களில் நின்ற மூன்று: கதை முழுவதும் வரும் 'தடயம்', சிரிக்க வைத்த 'துப்பு', பிறகு 'அரக்கு'. அந்த அரக்கின் வாசனைதான் காப்பாளரின் கைக்குட்டையில் இருந்தது. கற்பிக்காத எட்டில் ஏழு, ஐயப் பட்டியலின் மூன்றாவது கட்டத்தில் ஒருமுறையாவது அவள் கையெழுத்தில் ஏறியவை. எட்டாவது 'தாழ்', அது பட்டியலில் ஏறவில்லை, ஆனால் இரண்டு அத்தியாயங்கள் அவளை ஏமாற்றிய சொல். ஏதோ ஒரு முடிவு எந்தச் சொல்லின் மேல் தொங்கியதோ அந்தச் சொல் நின்றது. 'சந்தடி', 'இங்கிதம்' ஆகியவற்றின் மேல் எதுவும் தொங்கவில்லை, இரண்டும் போயின. 'இங்கிதம்' என்றால் என்ன என்றதற்கு 'இனிமேல்' என்றாள். கதையில் அச்சொல் நான்கு முறை வருகிறது.

நான்கு முறை வந்தும் நிற்காத சொல்லும் இரண்டே முறை வந்து நின்ற சொல்லும் ஒரே பிள்ளையிடம் இருப்பதால், எத்தனை முறை சந்தித்தால் சொல் மனத்தில் தங்கும் என்ற கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு நூல்களைத் தேர்வதில் எனக்கு நம்பிக்கை குறைந்திருக்கிறது. மீள்சந்திப்பு தேவைதான். அந்தச் சந்திப்பில் பிள்ளைக்கு ஏதாவது வேலை இருந்ததா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த நூலுக்குப் போகலாம் என்று நான் சொன்னபோது அவள் மறுத்தாள். இதையே மறுபடி படிக்க வேண்டுமாம். ஆசிரியர் எங்கெங்கே தன்னை ஏமாற்றினார் என்று பார்க்க வேண்டுமாம். ஒரே கதையைத் திரும்பக் கேட்கும் மூன்று வயதுக் குழந்தைகள், வெவ்வேறு கதைகளில் அதே சொற்களை அதே அளவு கேட்பவர்களைவிடக் கூடுதலாகக் கற்கிறார்கள் என்று ஜெசிகா ஹார்ஸ்ட்டும் பிறரும் 2011இல் காட்டியிருக்கிறார்கள். பத்து வயதுக்கும் அது பொருந்துமா என்று பார்க்க இது நல்ல வாய்ப்பு என்று ஒப்புக்கொண்டேன். பென்சிலோடு போனாள். அடுத்த அமர்வுக்கு வந்ததும் இரண்டாம் அத்தியாயத்தைத் திறந்து என் முன் வைத்தாள். நூலகத்துப் பூனை அங்கே வெயிலில் சோம்பல் முறித்துவிட்டு, 'ஒவ்வொரு படியாகச் சாவகாசமாக இறங்கி' வருகிறது. வழிகாட்டும் சூழல் என்று பெக் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது. அந்த ஒரு வரியைக் கவனித்திருந்தால் காப்பாளரை அவள் அன்றே பிடித்திருப்பாள். நாவலை முழுமையாகப் படித்துச் சொற்பட்டியல் தயாரித்த நானும் அந்தப் பூனையைக் கவனிக்கவில்லை.

"பூனை மேல யாருக்கும் சந்தேகம் வரலல்ல டீச்சர், அதான்" என்றாள்.